கடப்பாரைக்கும் கணக்கு வேண்டும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் நிலநடுக்கக் கையிருப்பு

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. மழையும் இடியுமாக இருந்த வேளையில், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு அப்படியே அமுங்கித் தரைமட்டமானது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். 61 பேர் இறந்தார்கள். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கான்கிரீட்டை அறுத்தும் துளைத்தும், மோப்ப நாய்களை விட்டுத் தேடியும் ஏறத்தாழ ஒரு வாரம் வேலை நடந்தது. மூன்று நாள் ஆன பிறகும் ஒருவர் உயிரோடு வெளியே வந்தார். அந்தக் கட்டடம் விழுந்ததற்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பில்லை. ஆனாலும் நிலம் குலுங்கினால் ஸ்ரீபெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும் ஒரகடமும் எதை எதிர்கொள்ளும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்த சான்று அதுதான். அன்று இடிந்தது ஒரே கட்டடம் என்பதால் மாநிலத்தின் மீட்புத் திறன் முழுவதையும் அந்த ஓரிடத்தில் குவிக்க முடிந்தது. ஒரே நிமிடத்தில் முப்பது ஊர்களில் சுவர் சரிந்தால் அப்படிக் குவிக்க வழியில்லை. முதல் சில மணி நேரம் அந்தந்தத் தெருவில் இருப்பவர்கள், அந்தந்தத் தெருவில் கிடைக்கும் கருவியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அந்தக் கருவி எங்கே இருக்கும், எந்த நிலையில் இருக்கும், யார் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதம் இது: வாங்குவது எளிது, வாங்கியதைக் காப்பதுதான் கடினம். காக்கும் தொழிலை நன்றாக அறிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நெருக்கமாக இருக்கிறார்கள். ஆகவே கையிருப்பைத் தொழிற்சாலை மதிலுக்கு வெளியே, ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக வைத்து, அன்றாடப் பயன்பாட்டில் புழங்கவிட்டு, அந்தத் திறனிடம் ஒப்படைக்க வேண்டும்.

இங்கே நிலநடுக்கம் வருமா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியை நிலநடுக்கம் அழித்தபோது, அந்தப் பகுதி அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். தக்காணம் அசையாத பாறை என்ற நம்பிக்கை அன்றோடு போனது. 2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு தன் விதிகளைத் திருத்தியபோது முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டது; அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது, காஞ்சிபுரமும் அதே மண்டலத்தில் வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ 5.5 அளவில் ஏற்பட்ட அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. 1900-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் வந்தது அதைவிடப் பெரியது. இவற்றை அடுக்குவது பயமுறுத்துவதற்காக அல்ல. எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் இங்கே பெரிய நிலநடுக்கம் வரும் வாய்ப்பு குறைவு என்பதே உண்மை. ஆனால் சேதத்தை அதிர்வின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. மண்ணும் கட்டடமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. 1985-இல் மெக்சிகோ நகரம், அதிர்வு தொடங்கிய இடத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் நொறுங்கியது, பழைய ஏரிப்படுகை மேல் அது கட்டப்பட்டிருந்ததால். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டு, தூண்கள் மேல் நின்றவை அவற்றில் பல. ஏரிகள் நிறைந்த நம் பகுதியில், ஏரி ஓரத்துக் களிமண்ணிலும் தூர்ந்த நீர்நிலைகளிலும் வீடுகள் எழுந்திருக்கின்றன. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்த பிறகு, மாத்தூர், வல்லம், பண்ருட்டி, படப்பை என ஊர் ஊராக வாடகைக்கு லைன் வீடுகள் பெருகின. கீழே கடை, மேலே அறை, அதற்கு மேல் பிறகு ஏற்றிய இன்னொரு தளம். பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சுவர் இவற்றில் எத்தனை என்பது அந்தத் தெருவில் நடந்து பார்த்தாலே புரியும்.

அரக்கோணம் பக்கத்தில்தானே இருக்கிறது, மீட்புப் படையின் நான்காவது அணி அங்கேதானே நிற்கிறது என்பது அடுத்த மறுப்பு. அந்தப் படையின் திறமையில் யாருக்கும் ஐயம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெரிய அதிர்வில் சென்னையும் அழைக்கும், காஞ்சிபுரமும் அழைக்கும், வேலூரும் அழைக்கும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபேயில் நடந்ததை ஆய்வாளர்கள் விரிவாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்: இடிபாட்டில் சிக்கியவர்கள் ஏறத்தாழ 35,000 பேர், அவர்களில் 27,000 பேர் அளவில் வீட்டாராலும் அண்டை அயலாராலும் வெளியே எடுக்கப்பட்டவர்கள். தீயணைப்புத் துறை, காவல்துறை, ராணுவம் மூன்றும் சேர்ந்து மீட்டது எஞ்சியவர்களைத்தான். உலகிலேயே மிகச் சிறந்த ஏற்பாடு கொண்ட நாடுகளில் ஒன்றின் நிலை இது. அயலார் மீட்டவர்களில் பிழைத்தவர்களின் விகிதமும் அதிகம், ஏனென்றால் அவர்கள் முதலில் வந்தார்கள். காரிலிருந்து எடுத்த ஜாக்கியும், வீட்டில் கிடந்த ரம்பமும்தான் அவர்களுக்குக் கிடைத்த கருவிகள். மெக்சிகோ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே பயிற்சியில்லாத தன்னார்வலர்கள் ஏறத்தாழ 800 பேரைக் காப்பாற்றினார்கள். அந்த முயற்சியில் அவர்களிலேயே நூறு பேர் அளவில் உயிரிழந்தார்கள். அதைப் பார்த்துத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தீயணைப்புத் துறை குடிமக்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெளிவாகும்: அண்டை வீட்டார் எப்படியும் இறங்குவார்கள், தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவர்கள் வெறுங்கையோடு இறங்குவார்களா, சரியான கருவியும் கொஞ்சம் பழக்கமும் கொண்டு இறங்குவார்களா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

உலகம் இதற்கு வைத்திருக்கும் விடைகள் பலவகை. கருவியைத் தன்னார்வலரின் கையிலேயே கொடுத்துவிடுவது ஒரு வழி. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் இதைச் செய்கிறது. 2016-இல் சோதனையாகத் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்கு என விரிக்கப்பட்டது. 12 நாள் பயிற்சி, முடிந்ததும் தலைக்கவசம், கையுறை, டார்ச், மிதவை உடை, முதலுதவிப் பொருள் அடங்கிய ஒரு பை. பயிற்சியோடு கருவியையும் இணைத்தது இத்திட்டத்தின் பெரிய பலம். ஆனால் பை அவர் வீட்டில் இருக்கிறது. அவர் வேலை மாறினால் பையும் போகிறது. மூன்று ஆண்டு கழித்து அதன் பேட்டரியை யார் பார்ப்பது என்பதற்கு அங்கே இடமில்லை. கருவி எங்கே இருக்கிறது என்று பட்டியல் போடுவது இரண்டாவது வழி. 2003-இல் தொடங்கிய இந்தியப் பேரிடர் வள வலையமைப்பு மாவட்டவாரியாக இயந்திரங்களையும் ஆள்களையும் பதிந்து வைக்கும் முயற்சி. பெரிய இயந்திரங்களுக்கு இதுவே சரியான முறை. மூன்றாவது, கோபே நகரம் 1995-க்குப் பிறகு பிடித்துக்கொண்ட வழி: பகுதிவாரியாக மக்கள் குழு, பூங்காவிலோ பள்ளி வளாகத்திலோ ஒரு சிறு கிடங்கு, அதில் ஜாக்கி, ரம்பம், கடப்பாரை, ஸ்ட்ரெச்சர், சிறிய பம்ப், ஆண்டுதோறும் அதை எடுத்துப் பயிற்சி. நம் வட்டாரத்துக்கு மூன்றாவதை அடித்தளமாக வைத்து, முதலிரண்டையும் அதோடு சேர்ப்பதே பொருந்தும் என்பது என் முடிவு. இதற்குச் சட்டத் துணையும் உண்டு. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, பேரிடருக்கான வளங்கள் தேவைப்படும்போது உடனே பயன்படுத்தத் தக்க நிலையில் பராமரிக்கப்படுவதை உள்ளாட்சி அமைப்பு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. வாங்கி வைப்பதோடு கடமை முடிவதாக அந்தப் பிரிவு சொல்லவில்லை, பராமரிப்பையே கேட்கிறது.

பராமரிப்பு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பொருள் பொருளாகப் பார்த்தால்தான் விளங்கும். அலமாரியில் சும்மா இருக்கும் பொருள் கெடாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். டார்ச்சுக்குள் பேட்டரியைப் போட்டபடியே வைத்தால், ஒன்றிரண்டு ஆண்டில் அது கசிந்து ஸ்பிரிங் மேல் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். புதுப் பேட்டரி போட்டாலும் எரியாது. ரப்பர் கையுறை வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழிகிறது. முகக்கவசத்தின் எலாஸ்டிக் இற்றுப்போகிறது. நைலான் கயிறு வெயிலில் பலமிழக்கும். பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டாலும் பலமிழக்கும், அதுவும் வெளியே தெரியாமல். ஆகவே கயிறும் இன்வெர்ட்டர் பேட்டரியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஜெனரேட்டருக்குள் விட்டுவைத்த பெட்ரோல் சில மாதங்களில் பிசுபிசுப்பாகி கார்புரேட்டரை அடைக்கும். எத்தனால் 20 சதவீதம் கலந்து வரும் இன்றைய பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். மாதம் ஒருமுறை பாரம் கொடுத்து ஓட்டி, பிறகு டேங்கை வடித்துவிடாத ஜெனரேட்டரை இருக்கிறது என்று கணக்கில் எழுதக் கூடாது. இரும்பு அறுக்கும் பிசின் சக்கரத்துக்குக் காலாவதி தேதி உண்டு, பொதுவாகச் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதன் நடுவளையத்திலேயே அச்சிட்டிருக்கும். காலம் தாண்டிய சக்கரம் சுழலும் வேகத்தில் சிதறினால், மீட்க வந்தவர் மருத்துவமனைக்குப் போவார். ஹைட்ராலிக் ஜாக்கியைப் படுக்கப் போட்டு, தண்டை ஏற்றிய நிலையில் வைத்தால் சீல் கசிந்து எண்ணெய் வடியும்; நிமிர்த்தி, தண்டை முழுக்க இறக்கி வைக்க வேண்டும். சம்மட்டியும் கோடரியும் கூட அப்படித்தான். பங்குனி சித்திரையில் மரப்பிடி காய்ந்து சுருங்கித் தலை ஆடத் தொடங்கும். ஆட்டிப் பார்க்காமல் எடுத்து ஓங்கினால் தலை பறந்துபோய் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

இவற்றில் எல்லாம் நான் அதிகம் கவலைப்படுவது முட்டுக்கட்டைகளைப் பற்றித்தான். இடிந்த சுவரின் ஒரு பாளத்தை ஜாக்கியாலோ கடப்பாரையாலோ நெம்பித் தூக்கும்போது, ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்பது மீட்புப் பயிற்சியின் அரிச்சுவடி. நாலுக்கு நாலு அங்குலக் கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே ஆப்புச் செருகினால் பாளம் மீண்டும் இறங்காது. அடியில் இருப்பவரின் காலை விடுவிக்கலாம். நூறு ரூபாய்ப் பொருளும் லட்ச ரூபாய்ப் பொருளும் சேர்ந்த கிடங்கில், உயிரைக் காக்கும் வேலையில் பெரும்பங்கு இந்தக் கட்டைகளுக்குத்தான். ஆனால் வாங்கும் பட்டியலில் அவை கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். வந்தாலும் தரையோடு தரையாகக் கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் கரையான் உள்ளே போய்விடும். வெளியே முழுதாகத் தெரியும் கட்டை பாரம் ஏறியதும் பொடியாகும். இரும்புச் சட்டத்தின் மேல், தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை தட்டிப் பார்த்தால் உள்ளே குடைந்த கட்டை ஓசையிலேயே காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யச் செலவில்லை, ஆள்தான் வேண்டும்.

எதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிடங்கு நிரம்புவதே பல இடங்களில் அதன் சாவுக்குக் காரணம். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் மலைமலையாகக் குவிந்து, யாரும் தொடாமல் நனைந்து அழுகின. கொடுத்தவர்களின் மனம் நல்லது. ஆனால் அதை ஒதுக்கி அப்புறப்படுத்தவே அலுவலர்களின் நேரம் போனது. துணி, சமைத்த உணவு, மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றுக்கு ஊர்க் கிடங்கில் இடம் வேண்டாம். ஜேசிபியும் ஹைட்ரா கிரேனும் இந்தச் சாலைகளில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாங்க வேண்டியதில்லை, உரிமையாளர் யார், இரவில் ஓட்டுநர் எங்கே தங்குகிறார், வாடகையை யார் தருவது என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால் போதும். சிமென்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கயிறும் தார்ப்பாயும் எப்போதும் இருக்கும். கடைகளில் இருக்கும்போது கிடங்கு எதற்கு என்று கேட்பவர்கள் இவ்வளவு தூரம் சரியாகவே கேட்கிறார்கள். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, மின்சாரம் போன தெருவில், ஷட்டர் இறங்கிய கடை உதவாது. அந்த முதல் நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கிடங்கில் வைத்து, மற்றதைக் கடைக்காரரோடு ஒப்பந்தமாக வைப்பதே சிக்கனம். கான்கிரீட் அறுக்கும் பெரிய இயந்திரத்தையும் தவிர்ப்பது நல்லது. அதைப் பழகியவர்கள் தீயணைப்புத் துறையிலும் மீட்புப் படையிலும் இருக்கிறார்கள். பழகாத கையில் அது அடியில் இருப்பவருக்கே ஆபத்து.

தொழிற்சாலைகளில் எல்லாம் இருக்கிறதே என்பது இந்த வட்டாரத்தில் அதிகம் கேட்கும் வாதம். உண்மைதான். 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500-க்கு மேல் இருந்தால் ஆம்புலன்ஸ் அறை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. பெரிய ஆலைகளில் நெருக்கடிக் குழு உண்டு, தீயணைப்பு வண்டியும் உண்டு. ஆனால் ஆலைக்குள் இருக்கும் எந்தக் கருவியும் கேட் பாஸ் இல்லாமல் வெளியே வராது. அதிர்வு நேர்ந்தால் ஆலையின் குழு முதலில் தன் கூரையையும் தன் எரிவாயுக் குழாயையும் தன் ஆள்களையும் பார்க்கும். அதுவே அதன் கடமை. இடிபாட்டில் சிக்கியிருப்பவரோ அதே ஆலையின் தொழிலாளியாக இருந்தாலும், இரவு ஷிஃப்ட் முடிந்து மாத்தூரில் ஒரு லைன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே கிடங்கு மதிலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். வெளியே எங்கே என்பதற்குச் சில விலக்குகள் உண்டு. விழக்கூடிய கட்டடத்துக்குள் வைக்கக் கூடாது. 2001-இல் புஜ் நகரத்தின் மாவட்ட மருத்துவமனையே இடிந்து, நோயாளிகளோடு மருந்தும் மண்ணுக்குள் போனது. தாழ்வான இடத்திலும் கூடாது; 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்ட அந்த நாள்களை இங்கே யாரும் மறக்கவில்லை. எளிதில் கிடைப்பதால் பழைய கப்பல் கன்டெய்னரை வைத்துவிடலாம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. அது விழாது, பூட்டும் உறுதி. ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெப்பம் வெளியைவிடப் பல பாகை ஏறும். 30 பாகைக்குக் கீழ் வைக்க வேண்டிய மருந்தும், ரப்பரும், லித்தியம் பேட்டரியும் அங்கே தாங்கா. மேலே தனிக் கூரை போட்டு, இரு பக்கமும் காற்றுத் துளை விட்டு, இரும்புக் கருவிகளுக்கு மட்டும் கன்டெய்னரை வைத்துக்கொள்ளலாம். மருந்துப் பொருள்களை ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுழற்சியில் சேர்த்துவிடுவது அறிவுள்ள செயல்: அவர்கள் பழையதைச் செலவழித்துப் புதியதை வைப்பார்கள், காலாவதி என்ற பேச்சே எழாது.

இந்தச் சுழற்சிதான் முழு ஏற்பாட்டின் உயிர்நாடி. குதிரில் பழைய நெல்லை முதலில் எடுத்துக் குத்துவதுபோல, கிடங்கின் பொருளும் புழங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கும் நீரை இறைக்க இந்தப் பம்ப்பே போகட்டும். ஸ்ரீபெரும்புதூர் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு இந்த ஸ்ட்ரெச்சரும் முதலுதவிப் பெட்டியும் போகட்டும். நெடுஞ்சாலையில் லாரி மோதிக் கிடந்தால் இந்தக் கடப்பாரையும் கயிறும் போகட்டும். எடுத்தால் திரும்பி வராது, அவசரத்துக்கு இருக்காது என்று அஞ்சுபவர்கள் உண்டு. நியாயமான அச்சம்தான். சில கருவிகள் தொலையவே செய்யும். ஆனால் புழங்கும் கிடங்கில் பத்தில் ஒன்று தொலைந்தால், அது தொலைந்தது அடுத்த வாரமே தெரியும். பூட்டிய கிடங்கில் பத்தில் ஐந்து கெட்டிருந்தாலும் விபத்து நாள் வரை தெரியாது. ஊரார் ஆண்டுக்கு நாலு முறை கையில் எடுத்த ஜாக்கியை இருட்டிலும் எடுப்பார்கள். நிலநடுக்கம் முப்பது ஆண்டு வராமலே போனாலும், அந்த முப்பது ஆண்டும் கிடங்கு வெள்ளத்துக்கும் விபத்துக்கும் தீக்கும் உழைத்திருக்கும். வராத ஆபத்துக்கு ஏன் செலவு என்ற முதல் மறுப்புக்கும் இதுவே விடை.

அப்படியானால் பார்த்துக்கொள்வது யார்? இங்கேதான் இந்த வட்டாரத்தின் தனித்தன்மை கைகொடுக்கிறது. கார் ஆலைகளிலும் அவற்றுக்கு உதிரி செய்து தரும் நூற்றுக்கணக்கான பட்டறைகளிலும், கருவியைக் காப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவத்தையும் வண்ணத்தில் வரைந்து, அதன் மேலேயே மாட்டுவார்கள். ஒன்று இல்லையென்றால் அதன் வெறும் நிழல் தூரத்திலிருந்தே தெரியும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது ஸ்டோர் ரூமின் விதி. கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்த தேதி, சோதித்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒவ்வொரு அளவுகோலிலும் தொங்கும். மெயின்டனன்ஸ் பிரிவில் பத்தாண்டு வேலை பார்த்த ஒருவருக்கு ஜாக்கியின் சீலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இந்த அறிவு நாளும் மாலையில் பேருந்தேறி ஊருக்குத்தான் வருகிறது. அதை மாதம் ஒரு ஞாயிறு காலையில் ஊர்க் கிடங்குக்கு அழைப்பதற்கு நிறுவனங்கள் நேரம் கொடுத்து உதவ வேண்டும். 2019-இல் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் பேரிடர் மேலாண்மையும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டதால் பணத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் திறப்புவிழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் வரும் வேகத்தில் மூன்றாம் ஆண்டுப் பேட்டரிக்கு வராது. எனவே எந்த நிறுவனம் கிடங்கு கொடுத்தாலும், ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத் தரச் சம்மதித்தால் மட்டுமே ஊராட்சி அதை ஏற்க வேண்டும். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆள் என்றதும் ஆண்களை மட்டும் எண்ணிவிடக் கூடாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த விடுதி 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. மின்னணு ஆலைகளில் வேலை செய்வோரில் பெரும்பகுதி பெண்கள். ஆனால் மீட்புக்கென்று மொத்தமாக வாங்கும் கையுறையும் பூட்ஸும் பெரும்பாலும் ஆண்களின் அளவில் வருகின்றன. பெரிய கையுறை மாட்டிய கை கயிற்றை இறுகப் பிடிக்காது; பெரிய பூட்ஸ் இடிபாட்டில் தடுக்கும். மூன்று அளவில் வாங்குவது கிடங்கின் முதல் விதிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மொழியும் அப்படியே. லைன் வீடுகளில் இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியம் பேசுவோர் இருக்கிறார்கள். அவர்களும் மீட்கப்பட வேண்டியவர்கள், மீட்கக்கூடியவர்களும்கூட. பெட்டி மேல் எழுத்தோடு படமும் வேண்டும். வெளிமாநிலத்தவரிடம் சாவி கொடுக்கலாமா என்ற தயக்கம் ஊர்க் கூட்டங்களில் எழும். மௌலிவாக்கத்தில் இறந்தவர்கள் யார் என்பதை நினைத்தால் அந்தத் தயக்கம் நிற்காது. சாவி ஒரே ஆளிடம் இருப்பதுதான் உண்மையான ஆபத்து: அவரே இடிபாட்டில் இருக்கலாம். எண் பூட்டு போட்டு, நான்கு தெருவில் நான்கு பேருக்கு எண் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்திலும் அது பதிந்திருக்க வேண்டும். உள்ளே அலமாரியைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் அது கதவின் மேல் சாய்ந்து, எத்தனை சாவி இருந்தாலும் திறக்க விடாது. பயிற்சி பெறாதவர் கருவி எடுக்கலாமா என்பதில் நான் கண்டிப்பானவன். கயிறும் விளக்கும் ஸ்ட்ரெச்சரும் யாரும் எடுக்கலாம். ஜாக்கியும் கட்டையும் பயிற்சி பெற்றவர் ஒருவர் முன்னிலையில்தான். மெக்சிகோவின் அந்த நூறு பேரை நாம் இங்கே திரும்பப் பார்க்கக் கூடாது.

கணக்கு ஒப்புவிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிக்கின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது என்று அவை விதிக்கின்றன. ஏரியை வெட்டுவதைவிட அதைத் தூர்வாரிக் காப்பதே வாரியத்தின் அன்றாட வேலை என்பதை அந்தச் சபையினர் அறிந்திருந்தார்கள். ஊர்க் கிடங்குக்கும் அப்படி ஓராண்டுப் பொறுப்பில் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு சிறு வாரியம் போதும்: ஊராட்சி உறுப்பினர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து இருவர், ஆலையின் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர், லைன் வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், ஆப்த மித்ரா பயிற்சி பெற்றவர் கிடைத்தால் அவர். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 கூட்டத்துக்கு முந்தைய வாரம், வெயில் ஏறுமுன், மரப்பிடிகளையும் ரப்பரையும் மருந்தையும் பார்க்கலாம். அக்டோபர் 2 கூட்டத்துக்கு முந்தைய வாரம், பருவமழை வருமுன், பம்ப்பையும் ஜெனரேட்டரையும் ஊரார் முன் ஓட்டிக் காட்டலாம். கூட்டத்தில் பட்டியலைச் சத்தமாக வாசிக்க வேண்டும்: எத்தனை கட்டை, கரையான் அரித்தது எத்தனை, மாற்றியது எத்தனை, தொலைந்தது எது, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது. அந்த வாசிப்பு தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்; ஒரு நகல் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான ஆட்சியருக்கும், இன்னொன்று அரக்கோணத்துக்கும் போக வேண்டும். படை வந்து இறங்கும்போது எந்த ஊரில் எத்தனை ஜாக்கி ஏற்கனவே வேலையில் இருக்கிறது என்று தெரிந்தே வந்து இறங்கும்.